அடம் பிடிக்கும் பிள்ளையும் துணையற்ற பெற்றோரும்

“அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படா” என்னும் பழமொழியை அறியாத தமிழ் இல்லம் இல்லை. “அடியாத மாடு படியாது” என்பது அதற்கு உடன்பிறப்பு. இவ்விரண்டையும் சொல்லிச் சொல்லியே எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளின் முதுகுகள் தழும்பேறின. பழமொழி என்றாலே பட்டறிவு எனக் கொள்ளுதல் தவறு. பழமொழிகளுள் பட்டறிவின் பிழிவும் உண்டு. பழம்பிழையின் எச்சமும் உண்டு. எது பிழிவு, எது எச்சம் என ஆய்ந்து பிரித்தலே அறிவுடைய இனத்தின் கடமை.

தமிழின் பழைய உள்ளம் பிள்ளையிடத்துக் கோலை முதலில் எடுத்ததன்று. பிள்ளைத்தமிழ் என ஒரு தனி இலக்கிய வகையையே கண்ட மொழி இது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடியது முதலாக வழிவழி வளர்ந்தது அவ்வகை. அதிற் சிற்றில் என்றொரு பருவம். சிறுமியர் மணலாற் கட்டிய சிறு வீடுகளை ஆண்குழந்தை காலால் உதைத்துச் சிதைக்க வருகின்றான். இற்றைப் பெற்றோர் கண்ணுக்கு அது முதுகில் இரண்டு வைக்க வேண்டிய குறும்பு. புலவரோ அச்சிறுமியர் அவனை நயந்து வேண்டுவதாகவே பாடுகின்றனர். அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும்போது இன்சொல், கொடை, வேறுபடுத்தல், ஒறுத்தல் என்னும் நான்கு வழிகளையும் கையாளுதல் மரபு. அவ்வரிசையில் இன்சொல் முன்னிற்கின்றது. ஒறுத்தல் கடைக்கோடியில் நிற்கின்றது. இலக்கியம் இல்லத்தின் நேர்படம் அன்றுதான். ஆயினும், ஓர் இனம் எதனை அழகென்று கருதியது என்பதை அது காட்டாமற் போகாது.

இனி, இற்றை இல்லத்தைக் காண்க.

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் வழியில் உள்ளது ஒட்டன்சத்திரம். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று அங்கே இயங்குகின்றது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் விளையும் முருங்கையும் தக்காளியும் வெங்காயமும் அங்கு வந்து குவிந்து, சுமையுந்துகளில் ஏறிக் கேரளத்துக்குச் செல்கின்றன. சந்தையிற் சுமை தூக்குவோர்க்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. மாவட்டமெங்கும் பரவியுள்ள நூற்பாலைகளில் முறைமாற்றி வேலை செய்யும் பெண்டிர்க்கும் அதுவே நிலை. உழவு இல்லத்தாரோ நீருக்கும் விலைக்கும் இடையே அலைகின்றனர். பிள்ளை பாட்டியின் கையிலும் கைப்பேசியின் ஒளியிலும் வளர்கின்றது.

அத்தகைய இல்லம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஆலையினின்று திரும்பிய தாய் அடுப்பேற்றுகின்றாள். ஐந்து அகவைச் சிறுவன் கைப்பேசி கேட்கின்றான். “இல்லை” என்கின்றாள். அழுகின்றான், தரையிற் புரள்கின்றான், தம்பியைக் கடிக்கின்றான். அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கின்றனர். கைப்பேசி கைக்கு வருகின்றது, வீடு அடங்குகின்றது. மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் தந்தை வீட்டில் இருக்கின்றார், ஓங்கி அறைகின்றார். பிள்ளை வாய்மூடுகின்றான். நான்காம் நாள் அழுகை முன்னிலும் பெரிதாகின்றது, அடியும் பெரிதாகின்றது. இறுதியிற் கோடாங்கியிடம் சென்று கயிறு கட்டுகின்றனர். “வளர்ப்புச் சரியில்லை” என்று உறவினர் தாயைப் பழிக்கின்றனர்.

இங்கு நடந்தது என்ன? பிள்ளை கெட்டவனா? தாய் திறமற்றவளா? இரண்டும் இல்லை. அவ்வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர்க்குப் பாடம் கற்பித்துக்கொண்டிருக்கின்றனர். எவரும் அதனை அறியவில்லை. ‘அழுது புரண்டாற் கேட்டது கிடைக்கும்’ எனத் தாய் பிள்ளைக்குக் கற்பித்தாள். ‘கொடுத்தால் அழுகை நிற்கும்’ எனப் பிள்ளை தாய்க்குக் கற்பித்தான். ‘அடித்தால் அப்போதைக்கு அடங்குவான்’ என்னும் பாடத்தைத் தந்தை பெற்றார். ‘வலியவன் மெலியவனை அடிக்கலாம்’ என்னும் பாடத்தைப் பிள்ளை பெற்றுத் தம்பியிடம் அதனைச் செய்து பார்த்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் செரால்டு பேட்டர்சன் என்னும் உளநூலறிஞரும் அவர்தம் குழுவினரும் இல்லங்களுக்கே சென்று, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையை உற்றுநோக்கிக் குறித்தனர். ஒருவரையொருவர் வற்புறுத்தி அடக்கும் இச்சுழலைப் பற்றி அவர் 1982-இல் ஒரு நூலே வெளியிட்டார். பெற்றோரின் நடைமுறை மாறினாற் பிள்ளையின் நடத்தையும் மாறும் என்பதும், அந்நடைமுறையைப் பெற்றோர்க்குக் கற்பிக்க முடியும் என்பதும் அவ்வாய்வுகளினின்று வளர்ந்த துறையின் அடிப்படை. அத்துறையில் தேர்ந்து, இல்லத்தார்க்கு வழிகாட்டுவோரே நடத்தை அறிவுரைஞர்.

அவர் செய்வது வியப்பான வேலை எதுவும் இல்லை. முதலில் உடலைப் பார்க்கச் சொல்வார். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், உறக்கமின்மை, குருதிச்சோகை ஆகியவற்றாலும் பிள்ளை எரிந்து விழுவான். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி என்பது கூச்சலாகவே வெளிப்படும். கேட்ட சொல்லுக்குத் திரும்பாத பிள்ளைக்குச் செவிப்புலன் ஆய்வு வேண்டும். வலிப்போ, இருந்த பேச்சு குறைதலோ காணப்பட்டால் மருத்துவரை நாடுவதிற் காலந்தாழ்த்தல் ஆகாது.

உடலிற் குறையில்லை எனத் தெளிந்தபின், ஒரு கிழமைக்குக் குறிப்பெழுதச் சொல்வார். அடம் தொடங்குமுன் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தான்? அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது? இம்மூன்று வினாக்களே போதும். ஒரு கிழமைக் குறிப்பைப் பார்த்தாற் பிள்ளை எதற்காக அதனைச் செய்கின்றான் என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். விழைந்த பொருளைப் பெறவோ, பிறர் தன்னைப் பார்க்கவோ, பிடிக்காத ஒன்றினின்று தப்பவோ, தன் உடலுக்கு அச்செயலே ஒரு சுவையாய் இருத்தலாலோ அவன் அதனைச் செய்வான். ஒரே கடியாயினும், பாடத்தினின்று தப்பக் கடிப்பவனுக்கும் தாய் தன்னைப் பார்க்கவேண்டும் எனக் கடிப்பவனுக்கும் மருந்து வேறு. முன்னவனை வகுப்பினின்று வெளியே அனுப்பினால், அவன் வேண்டியதையே கொடுத்ததாகும். பின்னவனுக்கு நீண்ட வசைமழை பொழிந்தால், அவன் வேண்டிய பார்வையை வாரி வழங்கியதாகும்.

கரணியம் புலப்பட்டபின் வழி எளிது. ஆனால், பொறுமை வேண்டும். கைப்பேசிக்கு அழுபவனுக்கு, அழுகை தொடங்குமுன்பே நாளின் ஒரு பொழுதை வரையறுத்துவிட வேண்டும். முடியும் நேரத்தைச் சற்று முன்னரே சொல்லி வைக்க வேண்டும். அழாமற் கேட்ட அன்றே, கேட்ட அப்பொழுதே, “அழாமற் கேட்டாய், நன்று” என இன்ன செயலுக்கென்று குறித்துப் பாராட்ட வேண்டும். அழுது கேட்டால், சினமும் இன்றிச் சலிப்பும் இன்றி, கொடாதிருக்க வேண்டும். இன்று தாய் மறுத்ததை நாளை பாட்டி கொடுத்தால், எல்லாம் வீண். “ஒழுங்காக இரு” என்பது பிள்ளைக்கு விளங்காது. “செருப்பை வாயிலிற் கழற்றி வை” என்பது விளங்கும்.

பெற்றோர் பலர் தோற்பது ஓர் இடத்தில்தான். கொடுத்து வந்ததை நிறுத்தியவுடன் அழுகை குறையாது, முதலிற் பெருகும். நீர் வாராத குழாயை முன்னிலும் வன்மையாகத் திருகிப் பார்ப்பது மாந்த இயல்பன்றோ? பிள்ளையும் அதனையே செய்கின்றான். அப்பெருக்கைக் கண்டு அஞ்சி மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தால், ‘இன்னும் உரத்து அழ வேண்டும்’ என்னும் புதுப்பாடம் பதிந்துவிடும். இதனை முன்கூட்டியே சொல்லி, அந்நாட்களில் உடனிருந்து ஊக்கும் ஒருவர் இருந்தாற் பெற்றோர் வெல்வர். அறிவுரைஞர் வேண்டும் என்பதற்குத் தலையாய கரணியம் இதுவே. நூலிற் படித்து எவரும் நீந்தக் கற்பதில்லை.

“இத்தனை பாடு எதற்கு? ஓர் அடி கொடுத்தால் முடிந்தது” என்பார் உளர். முடிந்ததா என்பதே வினா. டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் எலிசபெத்து கெர்சாவ் என்பாரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆண்டுரு குரோகன்-கெய்லர் என்பாரும் 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். அத்தொகுப்பில் அடங்கிய குழந்தைகள் 1,60,927 பேர். அவர்கள் ஆராய்ந்த 17 விளைவுகளுள் 13-இல் அடிக்கும் தீமைக்கும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. முரட்டுத்தன்மை, உளச்சோர்வு, பெற்றோரோடு உறவு கெடுதல் ஆகியன அவற்றுட் சில. எலும்பொடிக்கும் அடியை அவர்கள் ஆராயவில்லை. ‘சும்மா ஒரு தட்டு’ என்று பெற்றோர் எண்ணும் வெறுங்கையடியையே ஆராய்ந்தனர். முரட்டுப் பிள்ளையே மிகுதியாக அடி வாங்குகின்றான், ஆகலின் எது முந்தியது என்னும் வினா உண்டுதான். ஆயினும், அடித்ததனால் நீண்டநாள் நன்மை விளைந்தது எனக் காட்டும் சான்று அத்தொகுப்பிற் கிடைக்கவில்லை.

சட்டமும் ஒருவாறு விழித்துக்கொண்டுள்ளது. 1979-இல் சுவீடன் நாடு, பெற்றோரும் பிள்ளையை அடித்தல் கூடாது என உலகில் முதன்முதலாகச் சட்டம் செய்தது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடலை வருத்தும் ஒறுப்பையும் உள்ளத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடை செய்தது. வீட்டுக்கு அத்தகைய முழுத்தடை இல்லை. ஆயினும், சட்டம் ‘அடிக்காதே’ என்று மட்டுமே சொல்லும். அடிக்காமல் வேறென்ன செய்வது என்று அது சொல்லாது. கோலைப் பிடுங்கியவர் வழியையும் காட்டவேண்டாவா? வழியற்ற பெற்றோர் கையிற் கோல் மீண்டும் வந்து சேரும். அன்றேற் கைப்பேசி வந்து சேரும்.

வழிகாட்டுவோர் எங்கே உளர்? சென்னையில் உளர், கோவையிலும் மதுரையிலும் உளர். தனியார் அமர்வு ஒன்றுக்குக் கட்டணமும், போய்வரச் செலவும், ஒரு நாட்கூலி இழப்பும் சேர்ந்தால், ஒட்டன்சத்திரத்துச் சுமைதூக்குவோர் அவ்வாயிலை மிதிக்க இயலாது. மிதித்தாலும், அங்கே அவர்க்கு இன்னொரு மதில் எழும்பி நிற்கின்றது. அதுவே மொழி மதில். குறிப்புத்தாள் ஆங்கிலத்தில், படவட்டை ஆங்கிலத்தில், பிள்ளைக்குக் கற்பிக்கும் முதற்சொற்களும் ஆங்கிலத்தில். தாய் தலையாட்டிவிட்டு வருகின்றாள். வீட்டில் எதனைச் செய்வாள்?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. பேச்சுத் தாழ்ந்த பிள்ளை, ஆட்டிசம் என மருத்துவர் வழங்கும் மதியிறுக்கம் உடைய பிள்ளை ஆகியோரின் பெற்றோர்க்கு, “இரு மொழி பிள்ளையைக் குழப்பும், பள்ளியில் ஆங்கிலமாதலால் வீட்டிலும் ஆங்கிலமே பேசுக” என்று அறிவுரை கூறுவோர் உளர். தாய்க்கு ஆங்கிலம் தெரிந்த சொற்கள் இருபது. தாலாட்டும் கொஞ்சலும் கதையும் அதட்டலும் அவ்விருபது சொற்களுக்குள் அடங்குமா? பாட்டி ஊமையாகின்றாள். உண்ணும்போதும் குளிக்கும்போதும் உறங்கும்போதும் பிள்ளை மேல் மழைபோற் பொழிந்த பேச்சு வற்றிப்போகின்றது. கேட்கச் சொல்லின்மையால் கத்திய பிள்ளைக்கு, இருந்த சொற்களும் பறிக்கப்படுகின்றன. பின்னர், “அடம் மிகுந்துவிட்டது” என்று வியக்கின்றனர்!

இவ்வறிவுரைக்கு அறிவியற் சான்று இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் மதியிறுக்கம் உடைய குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவில், இரு மொழி கேட்டு வளர்ந்தவர், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தவரினும் மொழி வளர்ச்சியிற் பின்தங்கவில்லை எனக் கண்டனர். தாய்மொழியால் எக்குழந்தையும் கெட்டதில்லை. பிள்ளையின் நடத்தையைத் திருத்தும் கருவிகள் யாவும் சொற்களே: முன்னறிவிப்புச் சொல், பாராட்டுச் சொல், மறுப்புச் சொல், ஆறுதற் சொல். அச்சொற்கள் பெற்றோரின் நாவில் இயல்பாய் எழும் மொழியில் இல்லையெனில், கருவியே கையில் இல்லை. இஃது உணர்ச்சி முழக்கம் அன்று, தொழில்முறை உண்மை.

செய்ய இயலுமா என ஐயுறுவார்க்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரைக் குழுவாக அமர்த்தி, பத்துக் கிழமைகள் கலந்துரையாடிக் கற்பித்தனர். அத்தகைய பயிற்சி பெறாத பெற்றோரோடு ஒப்பிட்டனர். பயிற்சி பெற்றோரின் வளர்ப்பு உளப்பாங்கு தெளிவாக மேம்பட்டதை 1999-இல் வெளியிட்டனர். கோவாவிலும் பாக்கித்தானின் இராவல்பிண்டியிலும் மதியிறுக்கம் உடைய 65 குழந்தைகளின் இல்லத்தாரிடை நடந்து, 2016-இல் வெளிவந்த ஆய்விற் பெற்றோர்க்கு வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர், பயிற்றுவிக்கப்பட்ட நலப்பணியாளரே. ஆயினும், பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து இயைதலும், பிள்ளை தானே முன்வந்து உறவாடலும் கூடின. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் 1981-இல் இராமகிருட்டிணன் அவர்கள் நிறுவிய அமர் சேவா சங்கம், சிற்றூர்ப் பணியாளரைப் பயிற்றி, வளர்ச்சி தாழ்ந்த குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்புகின்றது. வல்லுநர் பின்னின்று நெறிப்படுத்த, ஊரறிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாய்க்குக் கற்பிக்கின்றார். வேண்டுவது பெருங்கட்டடம் அன்று என்பதற்கு ஆய்க்குடியே சான்று.

ஆய்க்குடியில் இயல்வது ஒட்டன்சத்திரத்தில் ஏன் இயலாது? தமிழ்நாட்டில் அங்கன்வாடி எனப்படும் குழந்தைகள் நடுவங்கள் 54,000-க்கும் மேல் உள. அவற்றின் பணியாளர் ஊர்ப்பெண்டிர். ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்தவர். அவ்வூர்த் தமிழையே பேசுபவர். பள்ளிக் கல்வித்துறைக்கு வட்டார வளமையங்கள் உள. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவ, மாவட்டந்தோறும் ஒரு நடுவம் வேண்டுமென 2013-இல் தொடங்கிய நலத்திட்டம் வகுத்துள்ளது. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் உளநலத் தொலைபேசி எண்ணிற் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உறுப்புகள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் நரம்புதான் இல்லை.

அந்நரம்பை அமைக்கச் சில செயல்கள் போதும். ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும், பிள்ளை நடத்தை பற்றி முறையாகப் பயின்ற தமிழ் அறிவுரைஞர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அவர் அறைக்குள் அமர்ந்திராது, குழந்தைகள் நடுவப் பணியாளர்க்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் பயிற்சி தந்து, கடுஞ்சிக்கல் உள்ள வீடுகளுக்குத் தாமே செல்ல வேண்டும். குறிப்புத்தாள், படவட்டை, பயிற்சிக் கையேடு யாவும், ஒட்டன்சத்திரத்துத் தாய் உரக்கப் படித்தால் அவள் மாமியார்க்கும் விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். கூட்டங்கள் ஆலை முறைக்கும் சந்தை ஓய்வுக்கும் ஏற்ற நேரத்தில் நடைபெற வேண்டும். தந்தையர் அவற்றுக்கு வந்தாக வேண்டும். பிள்ளை கெட்டாற் தாயையும், தேறினாற் தந்தையையும் சொல்லும் வழக்கு இனியேனும் ஒழியட்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நடத்தை அறிவுரை என்பது, வாய்பேசாப் பொம்மையாகப் பிள்ளையை மாற்றும் கலை அன்று. கைகட்டி நிற்கும் பிள்ளையே நற்பிள்ளை எனக் கருதும் பெற்றோர், இக்கருவிகளையும் புதுக்கோலாக்கிவிடக் கூடும். வினா எழுப்பும் பிள்ளையும், ஏன் எனக் கேட்கும் பிள்ளையும், ஓடியாடும் பிள்ளையும் நோயாளிகள் அல்லர். தன்னையோ பிறரையோ ஊறுபடுத்தும் நடத்தையையும், கற்றலையும் உறவையும் கெடுக்கும் நடத்தையையுமே மாற்ற முயல வேண்டும். பிள்ளை வேண்டுவதை அழாமல், கடிக்காமல், சொல்லாற் கேட்கக் கற்பிப்பதே அம்முயற்சியின் முடிவான நோக்கம்.

பிள்ளையின் அடமும் ஒரு மொழியே. சொல் கிடைக்காதபோது உடல் பேசும் மொழி அது. அதனை அறிந்துகொள்ளும் திறம் பிறவியில் வருவதன்று, கற்பிக்கக் கற்பது. நெல்லுக்கு நோய் கண்டால் வேளாண் அலுவலரை நாடும் உழவர், மாட்டுக்கு நோய் கண்டாற் கால்நடை மருத்துவரை அழைக்கும் உழவர், பிள்ளை அடம் பிடித்தாற் கேட்க ஆளின்றி நிற்கின்றார். பயிருக்கும் மாட்டுக்கும் ஒன்றியந்தோறும் அறிவுரை வழங்கும் அரசு, பிள்ளைக்கும் வழங்கட்டும். அதனைக் கேட்டுப் பெறுதல் தமிழ்ப் பெற்றோரின் உரிமை. அதுவரை, ஓங்கிய கையைத் தாழ்த்தி, ‘இவன் என்ன சொல்ல முயல்கின்றான்?’ என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் அவர்தம் கடமை.